டி.சி. கொடுத்து அனுப்பினால் பையன் எங்கே போவான்?

ஒன்பதாம் வகுப்புப் பையனின் சட்டைப் பையில் கூல் லிப் என்ற புகையிலை டப்பா ஒன்று சிக்குகிறது. மறுநாள் அவன் அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கிறார். "சார், இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுருங்க சார், இனிமே தொடமாட்டான்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். தலைமையாசிரியரும் கெட்டவர் இல்லை. "நான் என்னம்மா செய்யட்டும், இவனை வச்சிருந்தா மத்த பிள்ளைகளும் கெட்டுப்போயிரும். நீங்களே கேட்டு டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க, அவன் பேருக்கும் கெடுதல் வராது" என்கிறார். அம்மா கையெழுத்துப் போடுகிறார்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் சரி, மதுரை நகருக்குள்ளும் சரி, இந்தப் பேச்சு பலருக்கும் பழக்கமானதுதான். கல்வியாண்டின் நடுவில் வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளாது. அப்பா கொத்து வேலைக்கும் அம்மா ஜவுளிக்கடைக்கும் போய்விட்டால், பதினான்கு வயதுப் பையன் காலையிலிருந்து இருட்டும் வரை தெருவில் இருப்பான். அங்கே அவனைச் சேர்த்துக்கொள்ள ஒரு இடம் தயாராக இருக்கிறது. அவனைவிட நாலைந்து வயது மூத்த சேக்காளிகளின் செட்டு. அங்கே யாரும் டி.சி. கேட்பதில்லை.

மாணவர்களிடம் போதையும் அடிதடியும் பெருகுவதைப் பற்றிப் பேசும்போது கடத்தல், ரெய்டு, குண்டர் சட்டம் என்றே பேச்சு போகிறது. அதெல்லாம் தேவைதான். ஆனால் ஒரு பையன் முழுவதுமாகக் கைவிட்டுப் போவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் பிடி விட்ட பிறகு. அந்தப் பிடியை நாமே ஏன் விடுகிறோம் என்று கேட்பதுதான் தடுப்பு வேலையின் முதல் படி என்று நினைக்கிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது

கூல் லிப் பற்றிப் பெற்றோர் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. சின்ன வட்ட டப்பா. உள்ளே நகத்தளவு வெள்ளைப் பைகள். பைக்குள் புகையிலைத்தூள், மேலே புதினா வாசம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒன்றைச் செருகிக்கொண்டால் நிகோட்டின் ஈறு வழியாகவே ரத்தத்தில் கலக்கும். புகை வராது, துப்ப வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் மிட்டாய் மணம்தான் வரும். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சில் ஒருவன் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். முதல் சில தடவை தலை லேசாகச் சுற்றும், அதுதான் 'கிக்'. போகப்போகச் சுற்றல் போய்விடும். அப்புறம் அது இல்லாவிட்டால் எரிச்சல், கவனமின்மை, காரணமில்லாத கோபம். பையன் திடீரென்று எடுத்தெறிந்து பேசுகிறான் என்று வீட்டில் சொல்லும்போது, அதற்குப் பின்னால் சில சமயம் இந்தப் பை இருக்கிறது.

தமிழ்நாட்டில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் 2013 மே மாதம் முதல் தடை இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓராண்டுக்குத்தான் தடை போட முடியும் என்பதால் ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இப்படிச் சட்டம் இழுபறியில் இருக்கையில், தடை இல்லாத பிற மாநிலங்களிலிருந்து சரக்கு வந்துகொண்டே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024-இல் கவலையோடு எடுத்துப் பேசியது. பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு. பையனுக்கு டி.சி. கொடுக்கிற வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்தப் பிரிவைக் காட்டிப் பெட்டிக்கடைக்காரர் மேல் புகார் கொடுப்பதில் இருந்தால், பள்ளி வாசல்கள் எவ்வளவோ மாறியிருக்கும்.

கூல் லிப்பிலிருந்து கஞ்சாவுக்கு எல்லோரும் போய்விடுவதில்லை. போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பொருளின் இழுப்பால் போவதில்லை. கொடுக்கிற ஆள் ஒருவனாகவே இருப்பதால் போகிறார்கள். டப்பா வாங்கித் தந்த அண்ணன்தான் அடுத்துப் பொட்டலத்தையும் தருகிறான். ஒரு காலத்தில் கஞ்சா என்றால் கம்பம், வருசநாட்டு மலைப்பக்கத்தைச் சொல்வார்கள். இப்போது பெரும்பாலான சரக்கு ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. தெற்கே போகும் சாலைகளும் ரயில்களும் கூடுகிற ஊர் மதுரை என்பதால், இங்கே இறங்குவதும் பிரிவதும் எளிது. 2021 டிசம்பரில் 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் காவல் துறை தொடங்கிய தொடர் சோதனைகளில் மாநிலம் முழுவதும் நிறையப் பேர் பிடிபட்டார்கள். ஆனால் தெருவில் கைமாறுவது கிராம் கணக்கில். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோ முதல் 'வணிக அளவு'. சில்லறைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். கையில் கொஞ்சமாக வைத்துக்கொள்வான், அதையும் சின்னப் பையன் கையில் கொடுத்து அனுப்புவான். பையன் மாட்டினால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போவான், தான் தப்பிக்கலாம் என்பது கணக்கு. குழந்தையை இப்படிப் பயன்படுத்துவதற்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அது பயன்பட வேண்டுமானால், விசாரிக்கிறவர் பையனைக் குற்றவாளியாகப் பார்க்காமல், அவனை அனுப்பியவன் யார் என்று கேட்க வேண்டும்.

இந்த எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது மாத்திரைதான். டேபென்டடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. இவற்றைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். வயிற்றுக்குப் போவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவும் சுண்ணமும் ரத்தக்குழாயை அடைக்கும். கை வீங்கிப் புண்ணாகும். ஒரே ஊசி நாலு பேர் கைக்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கூடவே போகும். மூச்சை அடக்கும் மருந்து என்பதால், சாராயத்தோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போகலாம். வாடை வராது, கண் சிவக்காது. வீட்டில் தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

சாராயத்தைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் பேசுவது நேர்மையாக இருக்காது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் 14.6 சதவீதம் பேர் மது குடிப்பதாகவும் 2.8 சதவீதம் பேர் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவதாகவும் கண்டது. சிறுவர்களிடம் பெரியவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்ட பழக்கம் ஒன்று உண்டு: பசை, தின்னர், ஒயிட்னர் முகர்வது. பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம். வீட்டு விசேஷத்தில் மாமாமார் மாடியில் உட்கார்ந்து குடிப்பதையும், கீழே போய் சோடா வாங்கி வரத் தன்னையே அனுப்புவதையும் பத்து வயதிலிருந்து பார்க்கிற பையனிடம், போதை உடம்புக்குக் கேடு என்று மேடையில் சொன்னால் அவன் காதில் ஏறாது.

மொறைச்சுப் பார்த்தான்

அடிதடி வழக்குகளில் பையன்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டால் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரலாம். "மொறைச்சுப் பார்த்தான்." "ஸ்டேட்டஸ்ல என்னையச் சொல்லிப் போட்டான்." "எங்க ஏரியாவுக்குள்ள வந்து ஹாரன் அடிச்சான்." சின்ன விஷயம்தான், ஆனால் அவனுக்குச் சின்னதில்லை. மார்க்கிலோ, வீட்டிலோ, விளையாட்டிலோ மதிப்பு கிடைக்காதவனுக்கு இருக்கிற ஒரே சொத்து செட்டுக்குள் இருக்கிற கெத்து. அது குறைந்தால் எல்லாம் போச்சு. அரிவாளோடு எடுத்த ரீல்ஸுக்கு வருகிற லைக் அவனுக்குப் பள்ளிக்கூடம் தராத பாராட்டு.

இதோடு தென் மாவட்டங்களில் சாதி சேர்ந்துகொள்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறம், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், குருபூஜை நாளில் வண்டி மேல் ஏறி ஆடுவது என்று பன்னிரண்டு வயதிலேயே அணி பிரிகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஆராய்ந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம், சாதியைக் காட்டும் கயிறு போன்ற அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்பவற்றோடு, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நல அலுவலர் பற்றிய பரிந்துரை. பாடம் நடத்தும் பொறுப்பில்லாமல், பிள்ளைகளுக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பதற்கென்றே ஒரு ஆள் பள்ளிக்குள் இருந்தால், மொறைப்பு அரிவாள் ஆகும் முன்பே தெரிந்துவிடும். பெரும்பாலான சண்டைகள் இரண்டு மூன்று நாள் முன்பே வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கும். சொல்வதற்குத்தான் ஆள் இருக்காது.

பையன் வம்பில் மாட்டியதும் "நம்ம பையன்" என்று சொல்லிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வருகிற பெரிய மனிதர்களையும் இங்கே சொல்ல வேண்டும். அன்றைக்கு அவனை மீட்டுக்கொண்டு போகிறவர், அடுத்த வேலைக்கு அவனைக் கூப்பிடும் உரிமையையும் வாங்கிக்கொண்டு போகிறார். அப்பா அம்மாவுக்கு அது உதவி மாதிரித் தெரியும்.

போதையும் அடிதடியும் இரண்டு தனிப் பிரச்சினைகள் மாதிரி நாம் நடத்துகிறோம். ஒன்றுக்கு மதுவிலக்குப் பிரிவு, இன்னொன்றுக்குச் சட்டம் ஒழுங்கு. பையனுக்கு இரண்டும் ஒரே திண்ணையில் கிடைக்கின்றன. கடனுக்குப் பொட்டலம் வாங்கியவன் கடனை அடைக்க இன்னொருவனை மிரட்டப் போகிறான். தூக்க மாத்திரையும் சாராயமும் பயத்தை அறுத்துவிடுவதால், சாதாரணமாகக் கை ஓங்கவே தயங்குகிறவன் வெட்டிவிட்டு மறுநாள் பாதி ஞாபகத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

வயதும் ஒரு காரணம். ஆசையையும் ஆவேசத்தையும் கிளப்பும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதில் முழு வேகத்தில் இயங்கும். அவற்றை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முதிரும். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர் பிற்காலத்தில் அடிமையானதாகவும், 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 பேர் அளவில் இருந்ததாகவும் 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தொடங்கும் வயதை நாலைந்து ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலே பெரிய வேலைதான்.

பேரணியும் மைதானமும்

போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் பதாகை பிடித்துப் பேரணி, உறுதிமொழி, கறுத்த நுரையீரல் படம். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள், பயமுறுத்தும் பேச்சும் வெறும் தகவல் சொல்வதும் பழக்கத்தைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்கின்றன. சேக்காளி நீட்டும்போது செட்டை விட்டுப் போகாமலே மறுப்பது எப்படி, கோபம் வந்த அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்பவற்றைப் பிள்ளைகளே பேசிப் பழகிப் பார்க்கும் வாழ்க்கைத்திறன் வகுப்புகள் பலன் தருகின்றன. மாணவர்கள் நடிக்க, மாணவர்களே விவாதிக்க, ஆசிரியர் ஓரமாக நிற்க வேண்டும். 2022-க்குப் பிறகு பள்ளி கல்லூரிகளில் தொடங்கிய போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் இதற்கான இடமாக அமையலாம்.

ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டின் கதை இதில் அடிக்கடி சொல்லப்படுவது. அங்கே 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். பேச்சாளர்களைக் கூப்பிட்டு அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைக்கும் விளையாட்டு, இசை என்று ஒரு இடம். அதற்கான கட்டணத்தில் நகராட்சி உதவி. பெற்றோர்கள் கூடி எடுத்த ஒப்பந்தம். இரவில் இத்தனை மணிக்கு மேல் சிறுவர்கள் தனியாக வெளியே இருக்கக் கூடாது என்ற விதி. பணக்கார நாட்டுத் திட்டத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் அதன் கரு, பள்ளி விடும் நேரத்துக்கும் வீட்டில் ஆள் வரும் நேரத்துக்கும் இடையிலான இடைவெளியை நிரப்புவது. அது நமக்கும் அப்படியே பொருந்தும்.

மதுரையில் அந்த இடைவெளி சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு மணி வரை. நம் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க வெளியாள் வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் அணி இல்லாத கிராமம் குறைவு. பள்ளி மைதானத்தின் கேட்டை நாலரைக்குப் பூட்டாமல் ஏழு வரை திறந்து வைக்க வேண்டும், ஒரு விளக்கு வேண்டும், பொறுப்பான ஒரு ஆள் வேண்டும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். படிப்பில் பின்தங்கியவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே மணி நேரம் அதுதான்; அதையும் பிடுங்கிக்கொண்டால் அவனை எதைக் காட்டி உள்ளே வைப்பது? விளையாடப் பிடிக்காதவர்களும் உண்டு. 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல இடம், பஸ் வசதிக்குட்பட்டு. அவனியாபுரத்துப் பையன் அங்கே போய்த் திரும்புவது தினசரி நடக்கிற காரியம் இல்லை. அவன் தெருவிலேயே ஏதாவது வேண்டும்.

உள்ளேயே வைத்துக்கொள்வது

சரி, டப்பாவோடு பிடிபட்ட பையனை என்ன செய்வது? முதலில் சட்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பெற்றோரே கேட்டு வாங்கியதாக எழுதிக்கொள்வது அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போகும் வழி. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சட்டம் அப்படிக் காக்கவில்லை என்றாலும், காரணம் மாறிவிடவில்லை.

மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றித் தலைமையாசிரியர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வகுப்பில் விற்கிறவனையும் பயன்படுத்துகிறவனையும் ஒன்றாக நடத்த வேண்டியதில்லை; கத்தி கொண்டுவருபவன் விஷயத்தில் காவல் துறையின் சிறார் பிரிவைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பயன்படுத்தி மாட்டுகிறவன் நோயின் ஆரம்பத்தில் இருக்கிறான். அவனுக்கு வேண்டியது மருத்துவம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற தொண்டு நிறுவனங்களும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. கஞ்சாவோடு பிடிபட்டு வழக்கு வந்தவர்களுக்குக்கூட, அளவு சிறியதாக இருந்து தானாகச் சிகிச்சைக்குப் போய் முடித்தால் வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம் என்கிறது போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. இதைத் தெரிந்துவைத்திருக்கிற பெற்றோர் குறைவு. சிகிச்சைக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மறைக்கிறவர்கள்தான் நிறைய.

ஊருக்கு வெளியே மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடைத்து வைத்து அடிக்கிற இடங்களும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா என்று கேட்காமல் பிள்ளையை விட்டுவிட்டு வரக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிற இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம்.

வீட்டில் முதல் நாள் தெரியவந்ததும் பெல்ட்டை எடுக்கத் தோன்றும். அடித்த அன்று இரவு அவன் போய் நிற்கும் இடம் அந்தச் செட்டின் திண்ணைதான். ஒரு நாள் பொறுத்து, அவன் நிதானமாக இருக்கும் நேரத்தில், என்ன, எவ்வளவு நாளாக, யாரிடம் காசு பாக்கி என்று கேட்கலாம். கடன் இருந்தால் அதுதான் அவனை விடாமல் பிடித்திருக்கும். மிரட்டல் ஏதும் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. விற்பவரைப் பற்றிச் சொல்ல 10581.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்பான். தூக்கம் வரவில்லை, பசி இல்லை, கோபம் வருகிறது, அதற்குத்தான் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் வருவான், அது உண்மையும்கூட. ஒரு தடவை போய் வந்து முடிகிற காரியம் இல்லை. விட்டவன் மறுபடி தொடுவதும் சிகிச்சையில் சகஜம். அதற்காகத் திட்டத்தை நிறுத்திவிடக் கூடாது. புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கும் என்பதால் மாதத்தில் சில நாள் அவனுக்கு முதல் இரண்டு பீரியடு போகும். அந்த நாள்களில் ஆப்சென்ட் போடாமல் அனுமதி கொடுக்கவும், விஷயத்தைத் தனக்கும் வகுப்பாசிரியருக்கும் நடுவிலேயே வைத்துக்கொள்ளவும், அதே பெஞ்சில் அவனுக்கு இடம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் தலைமையாசிரியரால் முடியும்.